பொக்கைக்கு விழுந்த டிக்

கடைசியாக எப்போது ஒரு கட்டத்தில் டிக் போட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டீர்களா, இல்லை போட்டால்தான் அடுத்த பக்கம் வரும் என்று போட்டுவிட்டீர்களா?

நான் இதையெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. ஒரு நாயால் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. வயசாகி எல்லாம் கொட்டிவிட்டது. அதனால் பொக்கை என்று பெயர்.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் குடோனில். பெட்டிகளை ஊர் வாரியாகப் பிரித்துத் தள்ளுவண்டியில் ஏற்றுவேன். புரோகிராம் எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தாயிற்று. வேலை முடிந்து அறைக் கதவைச் சாத்தினால் பேச ஆள் இல்லை. பழைய லேப்டாப் ஒன்று வாங்கி அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். தப்பாக எழுதினால் தப்பு என்றாவது அது பதில் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்க் காப்பகத்துக்குப் போவேன். என் தெருக் கோடியில், டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் லாரி ஷெட். இப்போது இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள், நடுவில் சிமெண்ட் நடை, முன்னால் ஒரு சின்ன அறை. அங்கே இருப்பவர்கள் இரண்டே பேர். வைத்தியம் பார்த்து, இடத்தையும் நடத்துகிறவர் டாக்டரம்மா. கழுவுவது, சோறு வைப்பது, திட்டுவது, கொஞ்சுவது எல்லாம் அக்கா. டாக்டரம்மாவே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார், வயசில் யார் மூத்தவர் என்று இருவருமே சொன்னதில்லை. நான் போய்த் தண்ணீர்த் தொட்டிகளைத் தேய்ப்பேன், நாய்களை வெளியே நடத்திக்கொண்டு போவேன்.

ஒரு நாள் டாக்டரம்மா கேட்டார்: "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றியாமே? நாய் கேட்டு வர்றவங்க எங்க ரெண்டு பேரையும் பிச்சு எடுக்கிறாங்க. நான் ஆபரேஷன்ல இருப்பேன், அக்கா கையில பைப் இருக்கும். அவங்களே திரையில பார்த்துத் தேடிக்கிற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடேன்."

என்னை நம்பி ஒருவர் கேட்ட முதல் புரோகிராம் அது. தலைகீழாக நின்றாவது செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கூண்டின் கதவிலும் ஒரு தகரப் பலகை தொங்கும். அதில் பெயின்டில் நான்கு வரி: கடிக்கும், நொண்டும், காது கேட்காது, கண் தெரியாது. காலையில் அக்கா சுண்ணாம்புக் கட்டியோடு வந்து பக்கத்தில் டிக் போடுவார். மத்தியானம் பைப் போட்டுக் கழுவும்போது அது அழிந்துவிடும். நான் போவது எப்போதும் மத்தியானத்துக்குப் பிறகுதான். அந்த நான்கு வரியையும் அப்படியே திரையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு செக்பாக்ஸ் வைத்தேன். சின்னச் சதுரக் கட்டம், விரலால் தொட்டால் டிக் விழும், இன்னொரு முறை தொட்டால் போய்விடும். உலகத்தில் இதைவிட எளிமையான சாமான் இருக்கிறதா? "புதுசா எதுவும் கத்துக்க வேண்டாம் அக்கா. பலகையில இருக்கிறதேதான் இங்கயும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப சரி" என்றார். எல்லா நாய்க்கும் அவரே உட்கார்ந்து டிக் போட்டார்.

வருகிறவர்களுக்கு வேறு பக்கம். பெயர், போன் நம்பர் கொடுத்துவிட்டு, எப்படிப்பட்ட நாய் வேண்டும் என்று கட்டங்களைத் தொட வேண்டும். கடைசியில் தனியாக ஒரு கட்டம்: 'பொருத்தமான நாய் வந்தால் என்னைக் கூப்பிடவும்.' அதை நான் காலியாகத்தான் விட்டேன். அடுத்தவர்களுக்காக நாம் டிக் போட்டு வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. டாக்டரம்மாவும் கறாராகச் சொன்னார்: "அதுல டிக் இல்லாதவங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாது."

முன் அறையில், தீவன மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடுதிரையை வைத்தோம். அதற்கப்புறம் ஒரு நாய்கூட வீடு போகவில்லை.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீசன் சரியில்லை என்றார் டாக்டரம்மா. அதற்குள் யாரோ ஒரு பெட்டியில் குட்டிகளைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கூண்டு இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய காப்பகம் இருக்கிறது. இடம் பற்றாதபோது அவர்கள் வேன் அனுப்புவார்கள். ரொம்ப நாளாக யாரும் கேட்காத நாயை ஏற்றி அனுப்ப வேண்டும். அங்கே போன கிழட்டு நாய்கள் என்ன ஆகும் என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன். பைப்பை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்தத் தடவை பொக்கையின் முறை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வேன்.

அக்காவின் வீடு ஒரே அறை, அதில் ஏற்கெனவே நாலு பேர். என் வீட்டு ஓனர் பல்லியைப் பார்த்தாலே வாடகைக்குச் சேர்ந்த ஆளா என்று கேட்கிறவர். டாக்டரம்மா வீட்டில் மூன்று நாய். இனி சேர்த்தால் கணவர் வெளியே போய்விடுவார் என்றார். போகட்டுமே என்று அக்கா சொன்னதற்கு டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்த மாதிரிதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைகிறேன், கண்ணாடிக் கடைக்காரர் எதிரே வருகிறார். என் மூக்குக்கண்ணாடி அவர் கடையில் வாங்கியது. ஒரு கையில் மகள், ஆறு ஏழு வயசு இருக்கும். இன்னொரு கையில் புதுக் கழுத்துப் பட்டையும் கயிறும். கயிற்றின் முனையில் ஒன்றும் இல்லை.

"என்னங்க, கிளம்பிட்டீங்க?"

"கடிக்காத நாய் ஒண்ணு வேணும்னு பார்த்தேன் தம்பி. சின்னப் பொண்ணு இருக்கிற வீடு. ஒண்ணுமே இல்லையாம்."

"நான் எல்லாத்தையும் தட்டிப் பார்த்தேன்" என்றாள் மகள்.

"ஆமா, அந்தத் திரையை ஒரு வழி பண்ணிட்டா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஒன்றுமே இல்லையா? உள்ளே போய் நானே தேடினேன். 'கடிக்காத நாய் மட்டும்.' திரை மரியாதையாகச் சொன்னது: 'நீங்கள் கேட்டபடி நாய் எதுவும் இல்லை.' பொக்கையின் பக்கத்தைத் திறந்தேன். நாலு கட்டம், நாலு டிக்.

"அக்கா!" பின்பக்கம் பார்த்துக் கத்தினேன். "பொக்கை கடிக்குமா?"

பைப் சத்தம் நின்றது. "எதை வெச்சுக் கடிக்கும்?"

"அப்ப ஏன் கடிக்கும்னு டிக் போட்டீங்க?"

கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பார்த்துட்டேன்ல? அதான் போட்டேன்."

"என்ன பார்த்தீங்க?"

"கடிக்குதான்னு பார்த்தேன். நொண்டுதான்னு பார்த்தேன். காது, கண்ணு, எல்லாம் பார்த்தேன். பார்த்தாச்சுன்னு டிக். பார்க்காத நாய்க்குத்தான் டிக் இருக்காது. நான் பார்க்காத நாய் இங்க எது?"

"நிஜமாவே கடிக்கிற நாயா இருந்தா?"

"டாக்டர்கிட்ட வாயால சொல்லுவேன். சுண்ணாம்புக் கட்டியால சொன்னா அவங்களுக்குக் கேக்குமா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பலகையில் இருந்த வார்த்தைகளை எழுத்துப் பிசகாமல் எடுத்துவந்தவன், டிக் எதற்குப் போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் திரையில் நாய்ப் படத்துக்குப் பக்கத்தில் விழுந்த டிக்கை யாராவது வேறு மாதிரி படிப்பார்கள் என்று நினைக்கவில்லை. ஷெட்டில் எத்தனையோ வருஷமாக அந்த டிக்குக்கு ஒரே அர்த்தம்தான்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து விஷயத்தைக் கேட்டார். திரையில் ஒவ்வொரு நாயாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஆக, நம்மகிட்ட இருக்கிறது மொத்தமும் செவிடு, குருடு, நொண்டி. அத்தோட கடிக்கும் வேற." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தம்பி, அப்படி ஒரு நாய் கடிக்கணும்னா நாமளே காலைக் கொண்டுபோய் அது வாயில வெக்கணும்."

அக்கா சிரித்தார். அப்புறம் சட்டென்று நிறுத்தினார். "அப்ப, பொக்கையைக் கேட்டு ஆளே வராம இல்ல. வந்தவங்களை இதுதான் திருப்பி அனுப்பியிருக்கு?"

வேனுக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

அவசரத்தில் நான் செய்த முதல் வேலை, எல்லா டிக்கையும் ஒரே அடியாக அழித்தது. ஒரு வரி எழுதினால் போதும், சுத்தம். மறுபடி தேடினேன். எல்லா நாயும் வரிசையாக வந்து நின்றது. முதல் படம் இன்ஸ்பெக்டர் என்ற நாய். அதன் கீழே நான் எழுதி வைத்த பச்சை எழுத்து: 'குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது.'

"ஐயோ, இன்ஸ்பெக்டரா!" அக்கா பின்னால் நகர்ந்தார். "போன வாரம்தான் மருந்து போடப் போனப்ப என் கையை ஒரு வழி பண்ணினான். இந்தா பாரு தழும்பு."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. இந்தக் கட்டத்துக்கு ஆமாம் தெரியும், இல்லை தெரியும். தெரியாது என்று சொல்லத் தெரியாது. காலியாக இருந்தால் கடிக்காது என்று அர்த்தமா, இன்னும் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தமா? பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைச் சதுரம்தான்.

மூன்றாவதாக ஒரு நிலை வைக்கலாம் என்று படித்திருந்தேன். டிக்கும் இல்லாமல் காலியும் இல்லாமல், கட்டத்துக்குள் சாம்பல் நிறம். 'இன்னும் தெரியாது' என்று அர்த்தம். வைத்தேன். அக்கா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். இடுப்பில் இருந்த துணியை எடுத்து நன்றாக ஊதித் துடைத்தார்.

"போகலையே தம்பி."

"அது அழுக்கு இல்லக்கா. தெரியாதுன்னு அர்த்தம்."

விரலால் தொட்டார். டிக் வந்தது. தொட்டார், காலி. தொட்டார், சாம்பல். மறுபடி டிக். "இது என்ன ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு? எங்க நிறுத்தணும்னே தெரியலையே. இதுல பொக்கையைக் கொண்டுபோய் வெச்சா அவன் விதியும் இப்படித்தான் சுத்தும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சாம்பல் என்றால் என்ன என்று ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும் என்றால், அப்புறம் திரை எதற்கு?

கட்டங்களைத் தூக்கிவிட்டேன். அந்த இடத்தில் இரண்டு வட்ட பட்டன் வைத்தேன். ஒன்று 'கடிக்கும்', இன்னொன்று 'கடிக்காது'. ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக அணையும். இரண்டுமே தொடாமல் இருந்தால் 'இன்னும் பார்க்கவில்லை' என்று எழுத்திலேயே வரும், அந்த நாய் யார் தேடினாலும் வராது. மற்ற மூன்று வரிக்கும் அதே மாதிரி. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு செக்பாக்ஸ் மட்டும் விட்டேன்: 'இன்று பார்த்தாச்சு.'

அக்கா அதைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "இது என்னோடது" என்றார்.

டாக்டரம்மா என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கூண்டுக்குக் கூண்டு நின்றோம். அக்கா கம்பிக்குள் கையை விடுவார், காதைப் பிடித்து இழுப்பார், வாய்க்குள் விரலை விடுவார். "கடிக்காது. எழுது." நான் பட்டனைத் தொடுவேன். சில நாய்க்கு அக்கா கொஞ்சம் யோசித்தார். "இவன் கடிக்க மாட்டான், ஆனா திருடுவான். அதுக்குப் பட்டன் இருக்கா?"

"அதுக்கெல்லாம் வெச்சா மனுஷங்களும் கேப்பாங்க அக்கா" என்றார் டாக்டரம்மா.

பொக்கையின் கூண்டில் அக்கா கையை நீட்டினார். அது எழுந்துவந்து விரல்களை வாயில் வாங்கிக்கொண்டு, ஈறுகளால் அமுக்கிக்கொண்டே கண்ணை மூடியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம். 'கடிக்காது.' தொட்டேன். கடைசியில் இன்ஸ்பெக்டர். அக்கா கையை நீட்டவே இல்லை. "கடிக்கும். தைரியமா எழுது."

முன் அறைக்கு வந்து தேடினேன். நாய்கள் வந்தன. பொக்கை வரவில்லை.

பக்கத்தைத் திறந்து பார்த்தால், பொக்கைக்கு மறுபடியும் 'கடிக்கும்'.

"நான் தொடலப்பா" என்று அக்கா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

அவர் தொடவில்லை. யாருமே தொடவில்லை, அதுதான் கோளாறு. ஒரு நாயின் பக்கத்தைத் திறந்தால், எந்தப் பட்டன் எரிய வேண்டும் என்று புரோகிராமே மாற்றி வைக்கும். ஆனால் தன்னை மாற்றியது விரலா புரோகிராமா என்று பட்டனுக்குத் தெரியாது. மாறினால் உடனே சேமித்துவிடு என்று நான்தான் எழுதியிருந்தேன். இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பி, பொக்கையின் பக்கத்தை ஒரு தடவை திறந்து ஆசையாகப் பார்த்துவிட்டு, அங்கிருந்து மறுபடி இன்ஸ்பெக்டருக்குப் போயிருக்கிறேன். நாயின் பெயர் மாறுவதற்கு முன்னால் பட்டன் மாறிவிட்டது. இன்ஸ்பெக்டரின் குணம் பொக்கையின் கணக்கில் விழுந்துவிட்டது.

'இப்போது மாற்றுவது நான்தான், பேசாமல் இரு' என்று பட்டனுக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தேன். பொக்கைக்குத் திரும்ப 'கடிக்காது' போட்டேன். இன்ஸ்பெக்டர் பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து பார்த்தேன். நின்றது. மற்ற நாய்களையும் ஒரு சுற்று சரிபார்த்தோம். வெளியே டயர் கடை ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"சரி, இப்ப பொக்கை கடிக்காது. யார்கிட்ட சொல்றது?" என்றார் அக்கா.

கண்ணாடிக் கடைக்காரர் தேடிய பக்கத்தை எடுத்தேன். போன் நம்பர் இருந்தது. கீழே, 'பொருத்தமான நாய் வந்தால் என்னைக் கூப்பிடவும்'. அதில் டிக் இருந்தது. டாக்டரம்மா குனிந்து தானே ஒரு முறை பார்த்துக்கொண்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"காப்பகத்துல இருந்து பேசறேன். நாய் கேட்டு வந்திருந்தீங்களாம்."

"ஆமா. இல்லைன்னுதானே வந்துச்சு?"

"எங்க பக்கம் தப்பு. ஒண்ணு இருக்கு. கிடைச்சா கூப்பிடச் சொல்லி டிக் போட்டிருக்கீங்க, அதான்."

"நானா? நான் அப்படி எதுவும் போடலையே."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "நான்தான் போட்டேன்!"

"எதுக்கும்மா போட்டே?"

"அது மட்டும் காலியா இருந்துச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கவில்லை. "எத்தனை வயசுங்க நாய்க்கு?"

"பத்துக்கு மேல இருக்கும். மறைக்க விரும்பல, பல்லு கிடையாது."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட. சோத்தைக் குழைச்சுத்தான் வெக்கணும்."

அவர் இழுத்தார். "குட்டியா இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சோம்... வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேனே."

"காலையில எட்டு மணிக்கு அதை வேன்ல ஏத்திடுவாங்க. அதையும் சொல்லிடறேன்."

"பார்க்கிறேங்க" என்று வைத்துவிட்டார்.

"பார்க்கிறேன்னா என்ன அர்த்தம்?" என்று அக்கா என்னைக் கேட்டார். "வருவாரா, மாட்டாரா?"

"சாம்பல் நிறம்க்கா."

அவருக்கு இந்தத் தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பொக்கைக்குச் சோறு குழைக்கப் போனார்.

அறைக்கு நடந்துகொண்டிருக்கும்போது தங்கை போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்வாள். கேள்விகளும் தவறாது.

"சாப்பிட்டியாண்ணா?"

"ம்."

"ஒழுங்கா தூங்கறியா?"

"ம்."

"நல்லா இருக்கேல்ல?"

வழக்கமாக இதற்கும் ஒரு ம் போட்டுவிட்டு, அங்கே எல்லாரும் சௌக்கியமா என்று ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு வாய் அப்படி வரவில்லை.

"தெரியலம்மா. இன்னும் பார்க்கல."

"என்னது? யாரைப் பார்க்கல? குடிச்சிருக்கியா?"

"சேச்சே. இங்க ஒரு நாய் இருக்கு. அதுக்குப் பல்லு கிடையாது..."

"பல்லு இல்லாத நாயா? உனக்குன்னு எங்கேருந்துதான் வந்து சேருதோ. சொல்லு, சொல்லு. அடுப்பை அணைச்சுட்டு வர்றேன், இரு."

அணைத்துவிட்டு வந்தாள். வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், சுண்ணாம்புக் கட்டியிலிருந்து சாம்பல் கட்டம் வரைக்கும். செக்பாக்ஸ் அவளுக்குப் புரிந்ததா தெரியாது. பொக்கை நன்றாகப் புரிந்தது. "காலையில என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லணும்" என்று இரண்டு தடவை சொன்னாள்.

மறுநாள் காலை நான் குடோனில் இருந்தேன். அக்கா போன் செய்து சொன்னார். ஏழரை மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மகளோடு வந்து பொக்கையைக் கூட்டிக்கொண்டு போனார். எட்டு மணிக்கு வேன் வந்தது, ஏற்ற நாய் இல்லை என்றதும் டிரைவர் டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அக்கா கூண்டைக் கழுவி, குட்டிகளை அதில் விட்டார்.